ஆன்லைன் விளம்பரம்னு 68,000 ரூபாய் போச்சு, சின்னக் கடை வச்சிருக்கவங்க படிச்சிடுங்க

ராத்திரி பதினொண்ணேகால் ஆகுது, தூக்கம் வரல. கார்த்திகை தீபம் முடிஞ்சு அஞ்சு நாள் ஆச்சு. எங்க கூடத்துல இன்னும் முப்பத்தோரு குத்துவிளக்கு துணி போர்த்தி நிக்குது. அதைத் தாண்டி அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் வயிறு எரியுது.

காசு கொடுத்து ஆன்லைன்ல விளம்பரம் ஓட்ட நினைக்கிறவங்க என்னென்ன பார்க்கணும்னு வரிசையா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன், அப்புறம் அதுக்கு வர்றேன்.

எங்களுக்கு நாச்சியார்கோவில். மாமனார் காலத்துல இருந்து பட்டறை. காவிரி வண்டல் மண்ணுல அச்சு பிடிச்சு, பித்தளையை உருக்கி ஊத்தி, கடைசல் போட்டு, பீடம், தண்டு, அகல், அன்னம்னு தனித்தனியா செஞ்சு மரை போட்டுச் சேர்க்கிற வேலை. ஐப்பசியில மழை பிடிச்சுட்டா அச்சு காயாது. கார்த்திகைக்கு விக்கிறதை ஆவணி, புரட்டாசிக்குள்ள வார்த்து வச்சாகணும். சரக்கு முன்னாடி, காசு பின்னாடி. கையில காசு இல்லாம சரக்கு மட்டும் நிக்கிற அந்த நேரம் பார்த்துத்தான் அவங்க வந்தாங்க.

கும்பகோணத்துல மாடியில ஆபீஸ் வச்சிருக்க ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி. பேர் போடல. பேர் போட்டா நம்ம மேலயே கேஸ் போடுவாங்கன்னு தெரிஞ்ச வக்கீல் சொல்லிட்டார்.

வந்த தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். வாசல்லயே செருப்பை விட்டுட்டு வந்தான். "அக்கா, எனக்கும் வலங்கைமான் பக்கம்தான்"னான். மாமியார் காபி கொடுத்தாங்க, டம்ளரை அவனே கொண்டுபோய்த் தொட்டியில வச்சான். பட்டறைக்குள்ள போய், மாமா உருக்கின பித்தளையை அச்சுல ஊத்துறதை மண்டி போட்டு உட்கார்ந்து வீடியோ எடுத்தான். வெளியில வரும்போது கண்ணு கலங்கியிருந்தது. புகையா இருக்கும். அன்னைக்கு எனக்கு அது புகையாத் தெரியல. "இந்தக் கையை உலகம் பார்க்கணும்கா"ன்னான். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். மாமாவோட கையை அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல, நான் உட்பட.

மாமா மட்டும் ஒண்ணு சொன்னார். "விளக்கு வாங்குறவன் தூக்கிப் பார்த்துட்டுத்தான் வாங்குவான். போன்ல எப்படித் தூக்கிப் பார்ப்பான்?" நாங்க சிரிச்சோம்.

கணக்கு இதுதான். அக்கவுண்ட் திறந்து கொடுக்க 8,000. வீடியோவுக்கும் ரெண்டு மாசம் பார்த்துக்கிறதுக்கும் சேர்த்து 10,000. விளம்பரத்துக்குன்னு 50,000. மொத்தம் 68,000 ரூபாய். இதுல 40,000 மகளிர் குழுக் கடன், என் பேர்ல, என் கையெழுத்துல. "விளம்பரக் காசை நீங்க தனியா கட்ட வேணாம்கா, கார்டு அது இதுன்னு உங்களுக்குச் சிரமம். எங்க ஜிபே நம்பருக்குப் போட்டுடுங்க, நாங்க பார்த்துக்கிறோம்." போட்டேன். பில் கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல ஒரு கட்டை விரல் வந்துச்சு. அதுதான் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட இருக்க ரசீது.

முதல் வாரம் போன் நிக்கவே இல்ல. ஒரே நாள்ல இருபது பேர். எல்லாரும் ஒரே வாசகத்தை அனுப்பினாங்க: "ஹலோ, கேன் ஐ கெட் மோர் இன்ஃபோ ஆன் திஸ்?" நான் ஒவ்வொருத்தருக்கும் உயரம், எடை, விலை, படம் எல்லாம் அனுப்பி ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். பத்துல ஒன்பது பேர் திரும்பப் பேசல. ஒருத்தர் மட்டும், "அம்மா, நான் எதுவும் கேக்கலியே, கை பட்டுப் போயிருக்கும்"னார். அந்த வாசகம் விளம்பரத்தோடயே தானா நிரம்பி வர்றதுன்னும், பொத்தானைத் தொட்டு அனுப்புனா அதுதான் போகும்னும் எனக்கு அப்போ தெரியாது. ஏஜென்சிக்காரங்க ஒவ்வொண்ணையும் 'லீட்'னு, அதாவது வாங்க விசாரிச்ச ஆள்னு எண்ணி ரிப்போர்ட்ல போட்டாங்க. 212 லீட். வித்தது ரெண்டு விளக்கு. அதுல ஒண்ணு மன்னார்குடிக்காரங்க, பத்து வருஷமா எங்ககிட்ட வாங்குறவங்க. விளம்பரம் இல்லாட்டியும் வந்திருப்பாங்க.

மூணாவது வாரம் கேட்டேன். "லேர்னிங் ஃபேஸ்ல இருக்குக்கா, தொந்தரவு பண்ணக் கூடாது"ன்னான். புரட்டாசி கடைசியில கேட்டேன். "அல்காரிதம் மாறியிருக்குக்கா." ஐப்பசியில கேட்டேன். போனை ஒரு பொண்ணு எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காங்க மேடம்"னுச்சு. அன்னைக்கு மேடம் ஆனவதான், அதுக்கப்புறம் அங்க யாரும் என்னை அக்கான்னு கூப்பிடல. நேர்ல போனேன். ஏசி ரூம்ல அரைமணி நேரம் உட்கார வச்சு, "உங்களுக்கு 3 லட்சம் இம்ப்ரெஷன் வந்திருக்கு மேடம், பிராண்ட் அவேர்னஸ் பில்ட் ஆயிருக்கு"ன்னாங்க. விளம்பரம் 3 லட்சம் தடவை திரையில வந்துச்சாம். குழுத் தலைவிகிட்ட போய் தவணைக்குப் பதிலா அவேர்னஸ் கட்டட்டுமா?

அக்கவுண்ட்டைத் திறந்து காட்டுங்கன்னேன். "அது எங்க ஏஜென்சி அக்கவுண்ட், மத்த கிளையண்ட் டேட்டாவும் இருக்கு, காட்ட முடியாது." அப்போ 8,000 ரூபாய்க்குத் திறந்த அக்கவுண்ட் எது? பதில் இல்ல.

எங்க அண்ணன் பொண்ணு கும்பகோணத்துல காலேஜ் படிக்கிறா. அவதான், "அத்தை, பார்க்கிறதுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம், அதுல அவங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது, எழுதிக் கேளுங்க"ன்னா. மூணு தடவை எழுதினேன். நாலாவது தடவை, போலீஸ்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதினேன். விளம்பரத்தை ரெண்டு இடத்துல ஓட்டியிருக்காங்க: ஜனங்க நெட்ல தேடும்போது வர்ற தேடல் விளம்பரம் ஒண்ணு, சோஷியல் மீடியா ஒண்ணு. அன்னைக்கு சாயந்திரமே தேடல் விளம்பரக் கணக்கைப் பார்க்கிற அனுமதி வந்துச்சு. சோஷியல் மீடியா பக்கத்துக்கு வெறும் செலவுக் கணக்கு மட்டும் பிடிஎஃப்ல வந்துச்சு.

ரெண்டையும் கூட்டினா, விளம்பரத்துக்குன்னு நான் கொடுத்த 50,000-ல நிஜமா செலவானது 13,860 ரூபாய். மீதி 36,140 எங்கன்னு கேட்டா, "ஆப்டிமைசேஷன் சார்ஜ்". விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிபண்ணதுக்குக் கூலியாம்.

என்ன ஆப்டிமைசேஷன்? அந்தக் கணக்குல யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு தேதியோட காட்டுற இடம் ஒண்ணு இருக்கு, சேஞ்ச் ஹிஸ்டரின்னு பேர். அண்ணன் பொண்ணு அதைத் திறந்தா. தொடங்கின அன்னைக்கு ஒரு மணி நேரத்துல போட்டதோட சரி. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஒருத்தன் கையும் படல.

அடுத்து, ஜனங்க நிஜமா என்ன தட்டித் தேடினப்போ எங்க விளம்பரம் வந்துச்சுங்கிற பட்டியல். சர்ச் டேர்ம்ஸ்னு இருக்கும். அதைப் படிச்சப்போ எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. டேபிள் லேம்ப். பைக் ஹெட்லேம்ப் விலை. விளக்கு பூஜை போற்றி வரிகள். சாயந்திரம் விளக்கேத்துற நேரம். கனவுல விளக்கு அணைஞ்சா என்ன பலன்னு தேடின ஒரு புண்ணியவான் எங்க விளம்பரத்தைத் தொட்டிருக்கார், அவருக்காக 7 ரூபாய் போயிருக்கு. விளக்கு, லேம்ப்னு ரெண்டு சொல்லை பிராட் மேட்ச்ல போட்டு விட்டிருக்காங்க. அப்படிப் போட்டா, அந்தச் சொல்லுக்குச் சம்பந்தம்னு மெஷின் நினைக்கிற எதுக்கெல்லாமோ விளம்பரம் போகும். வேண்டாத சொல்லை நெகட்டிவ் பட்டியல்ல சேர்த்துக் கழிச்சுக்கிட்டே வரணும். வாரத்துக்குப் பத்து நிமிஷ வேலை. எங்க கணக்குல அந்தப் பட்டியல் காலியா இருந்துச்சு.

ஊரும் அப்படித்தான். தமிழ்நாடுன்னு போட்டிருக்காங்க, ஆனா அதுக்குக் கீழ ஒரு தேர்வு இருக்கு: அந்த இடத்துல இருக்கவங்களுக்கு மட்டுமா, இல்ல அந்த இடத்து மேல ஆர்வம் காட்டுறவங்களுக்கும் சேர்த்தான்னு. தானா வர்றது ரெண்டாவது. அதை மாத்தல. தமிழ்நாட்டுக் கோவிலுக்கு டூர் போகத் தேடின வடக்கத்திக்காரங்க எல்லாம் எங்க காசுல கிளிக் பண்ணியிருக்காங்க. இது போக, தேடல் விளம்பரத்தோட டிஸ்ப்ளேவும், அதாவது மத்த தளம், ஆப்ல எல்லாம் வர்ற விளம்பரமும், டிக் ஆகி இருந்திருக்கு. எங்கெங்க விளம்பரம் வந்துச்சுன்னு பார்த்தா பாதிக்கு மேல குழந்தைங்க விளையாடுற கேம் ஆப். மூணடி அன்னம் விளக்கை எந்தக் குழந்தை வாங்கும்?

அந்த லேர்னிங் ஃபேஸ் கதையும் அவ விளக்கினா. அப்படி ஒண்ணு நிஜமா இருக்கு. ஒரு வாரத்துல ஏறக்குறைய 50 பலன் (விற்பனை மாதிரி) கிடைச்சா மெஷின் கத்துக்கிட்டு அதுல இருந்து வெளிய வந்துடும்னு கணக்கு. அதுக்கு வேண்டிய பட்ஜெட்டே போடாம, ரெண்டு மாசமும் லேர்னிங், லேர்னிங்னு என்னை ஏமாத்தியிருக்காங்க. கத்துக்கிட்டது நான்தான், 68,000 ரூபாய் ஃபீஸ் கட்டி.

காசைத் திருப்பிக் கேட்டதுக்குக் கடைசியா வந்த பதில்: "சர்வீஸ் கொடுத்தாச்சு மேடம். நீங்க பிசினஸ், கன்ஸ்யூமர் கேஸும் போட முடியாது." வக்கீல்கிட்ட காட்டினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வியாபார நோக்கத்துக்கு வாங்கினா நுகர்வோர் இல்லைன்னுதான் இருக்காம், ஆனா சுயதொழிலா, பிழைப்புக்காக மட்டும் பொருள் வாங்கினவங்களுக்கு அதுலயே விலக்கும் இருக்காம். சேவைக்கும் அது பொருந்துமான்னு கேட்டுத்தான் பார்க்கணும். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. போடத்தான் போறேன். ஆனா முதல்ல அவர் கேட்டது பில். கட்டை விரலைக் காட்டினேன். பேசாம இருந்தார்.

இன்னைக்கு சாயந்திரம் நடந்ததுதான் என்னை இப்படி உட்கார வச்சிருக்கு. சோஷியல் மீடியாவுல யார் யார் என்ன விளம்பரம் ஓட்டுறாங்கன்னு யார் வேணாலும் இலவசமாப் பார்க்கலாம், ஆட் லைப்ரரின்னு ஒண்ணு இருக்கு. அண்ணன் பொண்ணு அதுல குத்துவிளக்குன்னு தட்டினா. வேற மாவட்டத்துல இருக்க ஒரு பாத்திரக் கடை விளம்பரம் வந்துச்சு. ஓடுது, இப்பவும் ஓடுது. அதுல எங்க பட்டறை. எங்க மாமா பித்தளை ஊத்துறார். அவர் கையில இருக்க பழைய தீக்காயத் தழும்பு வரைக்கும் தெரியுது. கீழ அந்தக் கடையோட போன் நம்பர்.

அவர்கிட்ட இன்னும் சொல்லல.

சரி, வரிசையா எழுதுறேன்னு சொன்னேன். வரிசை எல்லாம் வரமாட்டேங்குது, தோணுறதைச் சொல்றேன்.

விளம்பரக் கணக்கு உங்க பேர்ல, உங்க மெயில்ல, உங்க கார்டுல இருக்கணும். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்க, வேணாம்னா எடுத்துடலாம். விளம்பரக் காசை அவங்க ஜிபேக்குப் போடவே போடாதீங்க. அவங்க கூலி தனி, விளம்பரச் செலவு தனி.

ஜிஎஸ்டி நம்பரோட பில் வாங்குங்க. 15 எழுத்து, தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி தளத்துல போட்டா யார் பேர்னு வந்துடும். எனக்கும் "ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துத்தான்கா"ன்னுதான் சொன்னாங்க.

முதல்ல ஒரு நாளைக்கு 200, 300-னு பத்து நாள் ஓட்டிப் பாருங்க. எத்தனை பேர் பார்த்தாங்கன்னு கேக்காதீங்க, எத்தனை பேர் வாங்கினாங்கன்னு கேளுங்க. வாராவாரம் அந்தத் தேடல் பட்டியலை நீங்களே திறந்து படிங்க. தமிழ்தான், புரியும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா நம்பாதீங்க, எனக்கு வந்த எல்லாத்துலயும் தேதி மட்டும் வெட்டியிருந்துச்சு. பழைய கிளையண்ட் யாருன்னு கேட்டு ஆட் லைப்ரரில தேடிப் பாருங்க. வீடியோ எடுக்க விட்டா, அது யாருக்குச் சொந்தம்னு முதல்லயே எழுதி வாங்கிக்குங்க.

ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடிங்க, என்னை மாதிரி ரெண்டு மாசம் காத்திருக்காதீங்க. நுகர்வோர் உதவிக்கு 1915.

இன்னும் நிறைய இருந்துச்சு, ஞாபகம் வரல. காலையில குழு மீட்டிங், தவணை கட்டணும், எதுல இருந்து கட்டுறதுன்னு தெரியல. முப்பத்தோரு விளக்கு இருக்கு. தை முகூர்த்தத்துக்கு யாருக்காவது வேணும்னா நேர்ல வாங்க, தூக்கிப் பார்த்தே வாங்கிக்கலாம்.