எம்ஐஆர்சி வலது க்ளிக் மெனு: ஒரு தமிழ் சேனலைப் பார்த்துக்கொண்ட அனுபவம்

லிபரா சாட் என்ற ஐஆர்சி (எழுத்தால் பேசிக்கொள்ளும் இணைய அரட்டை) வலையமைப்பில் நாங்கள் நடத்தும் லினக்ஸ் உதவிச் சேனலுக்கு, அதாவது அரட்டை அறைக்கு, கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி, பாலக்கோடு பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். சேனலைப் பார்த்துக்கொள்ள, எம்ஐஆர்சி என்ற அரட்டை மென்பொருளில் நானே எழுதிய, வலது க்ளிக்கில் திறக்கும் பாப்அப் மெனுவைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காக இதைச் செய்ய வேண்டாம். கோபம் இல்லாத நேரத்தில் யோசித்து வைத்தது கோபம் வரும் நேரத்தில் கையில் இருக்கும், அதற்காகச் செய்யுங்கள்.

எழுதுவது சுலபம். ஆல்ட்டையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் எடிட்டர் திறக்கும். நிக் லிஸ்ட் (சேனலில் இருப்பவர்களின் புனைபெயர்ப் பட்டியல்) பகுதியில் மெனுவில் தெரிய வேண்டிய பெயர், ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் ஓட வேண்டிய கட்டளை, அவ்வளவுதான் ஒரு வரி. பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். தேர்ந்தெடுத்த நிக்கைக் குறிக்க $1 என்று எழுதாமல் $$1 என்று எழுதுங்கள். யாரையும் தேர்ந்தெடுக்காமல் க்ளிக் செய்தால் கட்டளை அங்கேயே நின்றுவிடும். காரணம் கேட்கும் பெட்டிக்கும் அப்படியே இரட்டை டாலர் போட்டால், பெட்டியை ரத்து செய்ததும் கிக்கும் (ஆளைச் சேனலிலிருந்து வெளியேற்றுவது) ரத்தாகும். இந்த ஒரு வசதிக்காகவே மெனு எழுதலாம் என்பேன். காரணத்தைத் தட்டச்சு செய்யும் சில விநாடிகளில் பலமுறை மனம் மாறி ரத்தை அழுத்தியிருக்கிறேன்.

மெனுவில் எது மேலே, எது கீழே என்பதற்குத்தான் நான் நிறைய நேரம் கொடுத்தேன். முதலில் தனியாக நினைவூட்டும் நோட்டீஸ், அடுத்து பேச்சை மட்டும் நிறுத்தும் கொயட், ஒரு கோடு, அதன் கீழே கிக், கடைசியில் துணைமெனுவுக்குள் பேன், அதாவது உள்ளே வரவே விடாத தடை. எங்களோடு ஆப் (சேனலை நிர்வகிக்கும் ஆபரேட்டர்) ஆக இருக்கும் பாலக்கோட்டுத் தங்கை ஒருவர் சொன்ன யோசனை இது. "அண்ணா, பேன் மேலேயே இருந்தா கை அங்கதான் போகும், உள்ளே தள்ளி வைங்க" என்றார். மாற்றிய பிறகு பெரும்பாலான சச்சரவுகள் நோட்டீஸோடு முடிகின்றன. நோட்டீஸ் அந்த ஆளுக்கு மட்டும் போவதால் நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட உணர்வு வருவதில்லை.

பேனில்தான் சிக்கல்கள் அதிகம். எம்ஐஆர்சியில் பேன் மாஸ்க்கின் (யாரைத் தடுப்பது என்று குறிக்கும் வடிவத்தின்) வகையை எண்ணால் சொல்ல வேண்டும். வகை 2 என்றால் அந்த முகவரியிலிருந்து வரும் எல்லாருக்கும் தடை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் விடுதி வைஃபையிலும் வருகிறார்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது ஐபி முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவரைத் தடுக்கப் போய், அதே விடுதியில் ப்ராஜெக்டுக்காக உதவி கேட்டு வந்தவரும் வெளியே நிற்பார். அதனால் பதிவு செய்த கணக்கு உள்ளவரைக் கணக்கின் பெயராலேயே தடுக்கும் வரி ஒன்றையும், முகவரியால் தடுக்கும் வரி ஒன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு எப்போதும் கால வரம்பு உண்டு.

அந்தக் கால வரம்பிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேன் கட்டளையில் 600 விநாடி என்று கொடுத்தால், நேரம் முடிந்ததும் தடையை எடுப்பது சர்வர் இல்லை, உங்கள் எம்ஐஆர்சிதான். நடுவில் கரண்ட் போனால் பத்து நிமிடத் தடை யாராவது கையால் எடுக்கும்வரை அப்படியே கிடக்கும். கோடைமழைக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இது அடிக்கடி இடிக்கும். கொஞ்சம் நீண்ட தடைகளை இப்போது சான்சர்வின் (சேனல்களை நிர்வகிக்க லிபராவே நடத்தும் சேவை) ஏகிக் என்ற தடைப்பட்டியல் வழியாகக் காலம் குறிப்பிட்டுப் போடுகிறேன். நேரக் கணக்கு லிபராவின் பக்கம் இருப்பதால் என் கணினி அணைந்தாலும் தடை சரியான நேரத்தில் விலகும்.

ஸ்பேம் அலை வரும்போது ஒருவர் ஒருவராக க்ளிக் செய்வது வீண். பதிவு செய்யாதவர்களை மட்டும் ஊமையாக்கும் வசதி லிபராவில் உண்டு. சேனல் மெனுவில் அதற்கு ஒரு வரி வைத்திருக்கிறேன், எடுக்க இன்னொரு வரி. இந்த மாஸ்க்கும் கணக்கால் தடுக்கும் மாஸ்க்கும் டாலர் குறியில் தொடங்குவதால், நேரடியாக எழுதினால் எம்ஐஆர்சி அதைத் தன் சொந்தக் குறியீடு என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். டாலரை 36 என்ற எழுத்தெண்ணாகக் கொடுத்து ஒட்ட வேண்டும்.

இவ்வளவுக்கு எல்லாவற்றையும் தானாக ஓடும் வடிகட்டியாக எழுதிவிடலாமே என்று தம்பிகள் கேட்பார்கள். ஓசூர்ப் பக்கத்துப் பேச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்திருக்கும், அதுவும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். நண்பர்கள் வாடா போடா என்று பேசிக்கொள்வதையும் புதிதாக வந்தவரைத் திட்டுவதையும் சொற்பட்டியல் பிரித்துப் பார்க்காது. ஆள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிக் காரணத்தைச் சுருக்கமாக வையுங்கள். ஐஆர்சியில் ஒரு செய்திக்கு மொத்தம் 512 பைட்தான், கட்டளையும் சேனல் பெயரும் அதற்குள்ளேயே அடங்கும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட், 'கி' போன்ற உயிர்மெய்க்கு 6. நீளமான தமிழ் விளக்கம் பாதியில் அறுந்துபோகும். விளக்கத்தை நோட்டீஸில் பிரித்து அனுப்பி, கிக்கில் ஒரே வரி போதும்.

எம்ஐஆர்சி விண்டோஸில் மட்டும் ஓடும், கைபேசியில் இந்த மெனு கிடைக்காது. வெளியே இருக்கும்போது சான்சர்வ் கட்டளைகளைக் கையால்தான் அடிக்கிறோம்.

மற்ற ஆப்களுக்குக் கொடுக்க நினைத்தால் பாப்அப் எடிட்டரில் எழுதாமல் தனி ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதுங்கள், ஒரே கோப்பாக அனுப்பிவிடலாம். வாங்குபவர் முதலில் நோட்பேடில் திறந்து வரி வரியாகப் படித்த பிறகே ஏற்ற வேண்டும். எம்ஐஆர்சி ஸ்கிரிப்ட்டால் கணினியில் உள்ள மற்ற புரோகிராம்களையும் ஓட்ட முடியும், ஆகவே நான் அனுப்பினாலும் படிக்காமல் ஏற்றாதீர்கள்.