தர்மாஸ்பத்திரியா, வொர்க்ஹவுஸா? 1948-க்கு முந்தைய பிரிட்டனில் ஏழை நோயாளி

1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கும்வரை, பிரிட்டனில் காசில்லாதவர் நோயில் விழுந்தால் முக்கியமாக இரண்டு வாசல்கள்தான். ஒன்று, செல்வர்களின் கொடையில் வளர்ந்த தர்மாஸ்பத்திரி. லண்டனின் கைஸ், செயின்ட் பார்த்தலோமியூ எல்லாம் இந்த ரகம். மற்றது, 1834 ஏழைகள் சட்டம் பரப்பிய வொர்க்ஹவுஸின், அதாவது வேலை வாங்கிக்கொண்டு ஏழைகளுக்குச் சோறும் இடமும் தந்த விடுதியின், நோயாளிப் பிரிவு. (பணக்காரர்கள் நெடுங்காலம் இரண்டையும் எட்டிப் பார்க்கவில்லை. 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு அறுவை சிகிச்சை நடந்ததே பக்கிங்ஹாம் அரண்மனை அறையில்தான்.)

மவுசு முதலாவதற்குத்தான். பேர்பெற்ற டாக்டர்கள் சம்பளம் வாங்காமல் வந்து பார்த்தார்கள். ஆனால் பல இடங்களில், உள்ளே போகக் கொடையாளர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். குணமாகக்கூடிய கேஸ் என்றால் இடம் உண்டு. தீராத நோய், முதுமைத் தளர்ச்சி என்றால் பெரும்பாலும் கதவடைப்பு. 1895-ல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மேரி ஸ்டூவர்ட்டை அல்மனராக, அதாவது நோயாளிகளின் வாழ்க்கை நிலையைக் கவனிக்கும் அலுவலராக, நியமித்தது. வருகிறவர் நிஜமாகவே ஏழைதானா என்று விசாரிப்பதும் அவர் வேலை. தர்மம் என்றால் கூடவே கேள்வியும் வரும்தானே.

அங்கே தள்ளிவிட்டவர்களை வாங்கிக்கொண்டது வொர்க்ஹவுஸ். என் பார்வையில் கனமான சுமையைச் சுமந்தது இதுதான். ஆனால் ஜனங்கள் அஞ்சியதும் இதையே. பயம் மருந்தைப் பற்றியது மட்டுமல்ல. போனால் 'பாப்பர்', அதாவது ஊர்ச் சோறு தின்கிறவர், என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். செத்தாலும் நிம்மதியில்லை: 1832 உடற்கூறியல் சட்டப்படி, உரிமை கோர ஆளில்லாத உடல் மருத்துவ மாணவர்களின் மேசைக்குப் போகலாம். அங்கே பிறந்த குழந்தையின் சான்றிதழில் 1904 முதல் வொர்க்ஹவுஸ் என்று போடாமல், வெறும் தெரு முகவரி எழுதும் வழக்கம் வந்தது. அவமானம் எவ்வளவு ஆழம் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி.

இடையில் தர்மாஸ்பத்திரியின் முகம் மாறியது. 1922-ல் லண்டனில் தொடங்கிய ஹாஸ்பிடல் சேவிங் அசோசியேஷன் மாதிரியான திட்டங்களில் வாரம் 3 பென்ஸ் கட்டிய தொழிலாளி, கையேந்தாமல் சந்தாதாரராக உள்ளே போனார். வொர்க்ஹவுஸுக்கு அப்படியொரு மாற்றம் வாய்க்கவில்லை. 1929 சட்டம் அதை உள்ளாட்சியிடம் ஒப்படைத்தது. பல இடங்களில் பெயர்ப்பலகை மாறியது, 1948-ல் மறுபடியும் மாறியது. ஆனாலும், சிகிச்சை இலவசமான பிறகும், அந்தப் பழைய கட்டடத்துக்கு அனுப்புகிறோம் என்றால் "அங்கே மட்டும் வேண்டாம்" என்று மறுத்த முதியவர்கள் இருந்தார்கள்.