பல் கிளினிக்கில் ஊழியருக்குத் தொற்று வந்தால்: கவசத்தோடு சமாளிப்பதா, கதவை அடைப்பதா, ஆளைக் குறைத்து நடத்துவதா?

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் இருக்கும் சிறிய பல் கிளினிக் ஒன்றின் நிர்வாகத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இரண்டு நாற்காலி, இரண்டு டாக்டர், மூன்று உதவியாளர், கவுண்டரில் ஒருவர் என்ற அளவில் ஓடும் இடம் அது. காலை ஏழரை மணிக்கு “அக்கா, ராத்திரியிலிருந்து காய்ச்சல்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் அன்றைய அப்பாயிண்ட்மெண்ட் பட்டியல் முழுவதும் ஆட்டம் காணும். அந்த நேரத்தில் முன்னால் நிற்பவை மூன்று வழிகள். மூன்றையும் வெவ்வேறு சமயங்களில் நாங்கள் கையாண்டிருக்கிறோம்.

முதல் வழி, பனடோல் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு முகக்கவசத்தோடு வேலைக்கு வந்துவிடச் சொல்வது. ஆள் பற்றாக்குறை உள்ள எந்த இடத்திலும் மனம் முதலில் இதைத்தான் நாடும். அலுவலகத்தில் ஓரளவு எடுபடக்கூடிய இந்த ஏற்பாடு பல் கிளினிக்கில் எடுபடாததற்குக் காரணம், நாற்காலியில் படுத்திருப்பவர் கவசம் அணிய முடியாமல், வாயைத் திறந்தபடி, உதவியாளரின் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் அரை மணி நேரமாவது இருப்பதுதான். சாதாரண அறுவைக் கவசம் அணிந்தவரின் எச்சில் துளிகளைப் பெருமளவு தடுத்தாலும், கன்னத்தை ஒட்டிய இடைவெளி வழியாக மூச்சு கசியத்தான் செய்யும்; உறிஞ்சுகுழாயைப் பிடித்திருக்கும் உதவியாளருக்கு நடுவில் இருமல் வந்தால் கையை விட்டுவிட்டு நகரவும் முடியாது. மேலும், காய்ச்சல் தணிந்தது உடம்பாலா பனடோலாலா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மருத்துவப் பணியாளர்களுக்கான வழிகாட்டுதல்கள், காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகே வேலைக்குத் திரும்பச் சொல்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அனுபவத்தில் தொற்று சிகிச்சை அறையைவிடப் பின்கட்டுப் பேன்ட்ரியில்தான் அதிகம் பரவியது. எல்லாரும் கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரே மேசையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில், காலை முழுவதும் காத்த கட்டுப்பாடு வீணாகிவிடுகிறது.

இரண்டாவது வழி, கிளினிக்கையே இரண்டு மூன்று நாள் மூடிவிடுவது. ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்களில் நால்வர் ஒரே சமயத்தில் படுத்துவிட்டபோது இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆனால் மூடுவது அறைக்காக என்று நினைப்பது தவறு. சளிக்காய்ச்சல் கிருமி வழவழப்பான பரப்புகளில் இரண்டு நாள் வரை தங்கக்கூடும் என்றாலும், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் செய்யும் வழக்கமான கிருமிநீக்கமே அதற்குப் போதும். காற்றில் மிக நீண்ட நேரம் நிற்கக்கூடிய தட்டம்மைக் கிருமிகூட ஏறத்தாழ இரண்டு மணி நேரமே தங்கும். ஆகவே, புகையடிப்பதற்கென்று மூன்று நாள் மூடி ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவழிப்பது கண்துடைப்பு என்பதே என் கருத்து. ஒரு நாற்காலியை ஓட்டக்கூட ஒரு டாக்டரும் ஓர் உதவியாளரும் நலமாக இல்லாதபோது மட்டுமே மூடுவதில் பொருள் உண்டு. மூடினாலும், முகம் வீங்கி வருபவரையும் தையல் பிரிக்க வேண்டியவரையும் எங்கே அனுப்புவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, நோயுற்றவரை வீட்டில் இருத்திவிட்டு ஒரு நாற்காலியை மட்டும் இயக்குவது. வலி, வீக்கம், தையல், உடைந்த பற்கம்பி ஆகியவற்றுக்கான அப்பாயிண்ட்மெண்ட் அப்படியே இருக்கும்; பற்சுத்தம் தள்ளிப்போகும். உறிஞ்சுகுழாய் பிடிக்க ஆளில்லாமல் பற்சுத்தம் செய்யும் ஸ்கேலர் கருவியை ஓட்டினால் தெறிக்கும் நீர்த்துளி அறை முழுவதும் பரவும் என்பதால், பற்சுத்தத்தைத் தள்ளிவைப்பதற்கு நேரத்தைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. உடம்பு கொஞ்சம் தேறியவர் வீட்டிலிருந்தே நோயாளிகளை அழைத்துத் தேதி மாற்றித் தரலாம். வருமானம் பாதியாகும் என்றாலும் நான் இந்த வழியின் பக்கமே நிற்கிறேன்.

ஆனால் எத்தனை நாள் வீட்டில் இருப்பது என்பதை எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு முடிவு செய்யக் கூடாது. காய்ச்சலுக்குப் பொது மருத்துவர் ஒரு நாளோ இரண்டு நாளோ எழுதித் தருகிறார். சளிக்காய்ச்சலோ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஐந்தாறு நாள் வரை தொற்றக்கூடியது. வாந்தி பேதி என்றால் நின்ற பிறகும் 48 மணி நேரம் விலகியிருக்க வேண்டும். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ கிருமிக்கு ஆல்கஹால் கைத்திரவம் சரிவர வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கண் வலிக்குக் கசிவு நிற்க வேண்டும். காசநோய் முற்றிலும் வேறு கணக்கு: அதைச் சட்டப்படி சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும், திரும்பும் நாளைச் சிகிச்சை தரும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

எங்களை மிகவும் திணறடித்தது சின்னம்மை. அம்மை கண்டவர் வீட்டில் வேப்பிலை செருகி, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடாத பாட்டிமார் வழக்கமும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை விலகியிருக்கச் சொல்லும் மருத்துவ விதியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சிக்கல் நோய் கண்டவரிடம் இல்லை; அவரோடு பழகிய, அம்மையே வந்திராத, தடுப்பூசியும் போடாத மற்றொரு உதவியாளரிடம் இருக்கிறது. தொடர்பு ஏற்பட்ட 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை அவர் நோயாளிகளை அணுகக் கூடாது. அது சரியாகப் பதினான்கு நாள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டு முழுமைக்கும் தரும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பும் அதே பதினான்கு நாள்தான். இரண்டாண்டு கடந்தால் 18, ஐந்தாண்டு கடந்தால் 22. அதிலும் அந்த உதவியாளர் நோயாளியே அல்ல என்பதால் எம்.சி. தருவாரும் இல்லை.

அந்தப் பதினான்கு நாளுக்குச் சம்பளம் வெட்டினால், அடுத்த முறை வீட்டில் தம்பிக்கு அம்மை போட்டிருப்பதை எவரும் கவுண்டரில் வந்து சொல்லப்போவதில்லை. ஆகவே அந்தச் சம்பளத்தைக் கிளினிக்கே ஏற்றுக்கொண்டது. இப்போது புதிதாகச் சேருபவரிடம் முதல் வாரத்திலேயே அம்மை வந்ததா என்று கேட்டு, தெரியவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் தடுப்பூசியின் இரண்டு தவணைக்கும் கிளினிக் செலவிலேயே அனுப்புகிறோம்.