ஷார்ஜா முதல் தக்கலை வரை: நாலு வருஷமாக ஒரு கார் சீட்

மகள் பிறந்தது 2021 மார்ச்சில். அதற்குப் பிறகு ஐந்து தடவை ஷார்ஜாவில் இருந்து எங்கள் ஊரான கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு வந்து போயிருக்கிறோம். கடைசி இரண்டு தடவை மகனும் சேர்ந்து. ஐந்து தடவையும் கூடவே ஒரு கார் சீட் வந்தது. முதல் தடவை பெட்டிகளோடு பெட்டியாக, அப்புறம் எல்லாத் தடவையும் விமானத்துக்குள்ளேயே, ஜன்னலோரத்தில்.

ஊர்க்காரர்கள் யாராவது குழந்தையோடு டிக்கெட் போடும்போது இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

முதல் பயணம் 2021 டிசம்பர். அப்போது எங்களிடம் இருந்தது ஐரோப்பியத் தரத்தில் செய்த பெரிய சீட். ஐக்கிய அமீரகத்தில் நாலு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு கார் சீட் 2017 முதல் கட்டாயம். இல்லாவிட்டால் 400 திர்ஹம் அபராதம். கடையில் இருந்ததிலேயே விலை கூடியது எதுவோ அதுவே நல்லது என்று வாங்கியிருந்தேன். ஐசோஃபிக்ஸ் வகை. அதாவது காரின் பின்சீட் இடுக்கில் இருக்கும் இரண்டு இரும்புக் கம்பிகளில் போய் 'டக்'கென்று கடித்துக்கொள்ளும், பெல்ட்டே வேண்டாம். மகள் மடியில், சீட் லக்கேஜில். கார் சீட்டுக்குத் தனிக் காசு கேட்கவில்லை. 'உடையக்கூடியது' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினார்கள்.

திருவனந்தபுரத்தில் அது பெல்ட்டில் சுற்றி வந்தபோது முதுகுப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். துணியைத் தூக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் வெடித்தே இருந்தது. கவுண்டரில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, முன்பே இருந்த சேதமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. அது கிடக்கட்டும். வெளியே வந்து டாக்சியைப் பார்த்தால், அந்தப் பழைய டிசையரில் ஐசோஃபிக்ஸே இல்லை. உடையாமல் வந்திருந்தாலும் அந்தச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

அன்று விடியற்காலை பாறசாலை தாண்டி, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் என்று வந்தோம். எதிரே கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகள் வரிசையாக வந்தன. மனைவி மடியில் ஒன்பது மாதப் பிள்ளை. டிரைவர் அண்ணன் ஒரு குழிக்காகப் பிரேக் போட்டபோது அவள் கை பிள்ளையின் தலைக்குப் போன வேகத்தைப் பார்த்தேன். அன்று நடந்தது அவ்வளவுதான். ஆனால் நாலு மணி நேரப் பிளைட்டை விட இந்த ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஊரில் இதைச் சொன்னால் சிரித்தார்கள். "பிள்ளைய மடியில வைக்க உங்களுக்கு கை இல்லியா மக்கா?" என்றாள் அம்மா.

அடுத்த சீட்டைக் கொஞ்சம் படித்துப் பார்த்து வாங்கினேன். விமானத்தில் இருப்பது இடுப்பு பெல்ட் மட்டும். காரில் போலத் தோளுக்குக் குறுக்கே வருவது கிடையாது, ஐசோஃபிக்ஸ் கம்பியும் கிடையாது. அதனால் வெறும் இடுப்பு பெல்ட்டால் கட்டக்கூடிய சீட்தான் உள்ளே செல்லும். அமெரிக்கத் தரத்தில் செய்த, குழந்தையைக் கட்டும் வார் உள்ளேயே வைத்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றின் பக்கவாட்டு லேபிளில், 'மோட்டார் வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி சிவப்பு எழுத்தில் இருக்கும். ஐரோப்பியச் சீட் என்றால் 'விமானத்தில் பயன்படுத்த' என்று டியூவி என்ற ஜெர்மன் சோதனை நிறுவனத்தின் முத்திரை தனியாக வேண்டும். எங்கள் பழைய சீட்டில் அது இல்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் வரும்போது ஒரு மலிவான, எடை குறைந்த சீட் கொண்டுவந்தான். நாலரை கிலோ. பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் துணி போட்ட மாதிரி இருந்தது. இதற்கா அமெரிக்காவில் இருந்து வரவேண்டும் என்று நினைத்தேன். நாலு வருஷமாக உழைப்பது அதுதான்.

அகலத்தையும் அளந்து பாருங்கள். எகானமி வகுப்பில் கைப்பிடிகளுக்கு நடுவே சுமார் 43 முதல் 45 சென்டிமீட்டர்தான் இருக்கும். கப் ஹோல்டர் வைத்த சீட்டுகள் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

2022 ஆகஸ்டில் மகளுக்கு ஒன்றரை வயது. இரண்டு வயதுக்குள் மடியில் வைத்தால் பெரியவர் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். தனி இருக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட். எங்களுக்கு 900 திர்ஹம் கூடுதல். மனைவிக்கும் எனக்கும் ஒரு வாரம் இதே பேச்சு. கடைசியில் அவள்தான், "உடைஞ்ச சீட்டோட விலையே அதுக்கு மேல" என்று முடித்தாள்.

விமானத்தில் கட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் தடுமாறியது அங்கேதான். ஜன்னலோர இருக்கை வாங்கவேண்டும், வேறு யாரும் தாண்டிப் போகாத இடம். அவசர வழி வரிசையும் அதன் முன் பின் வரிசைகளும் கிடைக்காது. விமானத்தின் நடைபாதையில் சீட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களின் தோளை இடித்துக்கொண்டே போவீர்கள். தலைகீழாகப் பிடித்து, இருக்கை முதுகுகளுக்கு மேலே தூக்கிக்கொண்டு போனால் சுலபம்.

பெல்ட்டைச் சீட்டில் அதற்கென்று உள்ள துளை வழியே விட்டு, பக்கிள் மாட்டி, முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு இழுக்கவேண்டும். முதல் தடவை சரியாகவே கட்டினேன். இறங்கும்போதுதான் கஷ்டம். அந்த இரும்பு பக்கிள், மேல்மூடியைத் தூக்கினால்தான் திறக்கும். இறுகக் கட்டிய பெல்ட்டில் அது சீட்டின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தது. மூடியைத் தூக்க விரலுக்கு இடமில்லை. விமானமே காலியாகி, சுத்தம் செய்பவர்கள் ஏறிவிட்டார்கள். அதில் ஒருவர், பாலக்காட்டுக்காரர் போல, சீட்டின் மேல் தன் முழு எடையையும் போட்டு அமுக்க, நான் உள்ளே கைவிட்டு ஒருவழியாகத் திறந்தேன். அதற்குப் பிறகு மாட்டும் முன்பே பக்கிளை அரைச் சுற்றுத் திருப்பி, மூடி நான் கைவிடும் பக்கம் பார்க்கும்படி வைத்துவிடுவேன். ஐந்து வினாடி வேலை.

அந்தப் பயணத்தில் மகளைப் பின்நோக்கி, அதாவது முகம் எங்கள் இருக்கை முதுகைப் பார்க்கும்படி வைத்தோம். சின்னக் குழந்தைக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் முன்னால் இருப்பவர் இருக்கையைச் சாய்க்க முடியாது. முன்னால் இருந்தவர் இரவு ஷிப்ட் முடித்து நேரே விமானம் ஏறியவர். இரண்டு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். "சரி, பிள்ளை தூங்கட்டு" என்று சொல்லிவிட்டார், ஆனால் வழி முழுக்க எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இரண்டரை வயதில் முன்நோக்கி வைத்தபோது வேறு தொல்லை. சீட் குழந்தையை உயர்த்தி முன்னால் தள்ளுவதால் கால் சரியாக முன் இருக்கையில் போய் முட்டும். உதைப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டால் உதை கொஞ்சம் மென்மையாகும், நிற்காது. உணவுத் தட்டை இறக்க இடம் இருக்காது. எங்கள் பக்கத்துச் சின்ன வாழைப்பழமான மட்டிப்பழம் இருந்தால் போதும், அது கைக்குள் அடங்கும். திரும்பும்போது நாங்கள் ஒரு சீப்பு கொண்டுபோவோம்.

இவ்வளவு பாடு பட்டு என்ன கிடைத்தது என்றால், முதலில் தூக்கம். பழகிய சீட், பழகிய வார். ஏறி அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவாள். மடியில் இருந்தபோது நாலு மணி நேரமும் என் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் இவள்தானா என்று இருக்கும். எங்கள் கையும் காலியாக இருக்கும்.

பாதுகாப்பு என்று பார்த்தால் கதை கொஞ்சம் நீளம். 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்தது. தரையில் மோதும் முன் மடிக்குழந்தைகளை விமானத்துக்குள் காலடியில் படுக்க வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். அன்றைய விதிமுறையே அதுதான். நாலு மடிக்குழந்தைகளில் ஒன்று இறந்தது. குழந்தைகளுக்குத் தனி இருக்கையும் சீட்டும் கட்டாயமாக வேண்டும் என்று அவர் பல வருஷம் போராடினார். ஆனால் 2005இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டாயமாக்க மறுத்துவிட்டது. சொன்ன காரணம், தனி டிக்கெட் வாங்கச் சொன்னால் பல குடும்பங்கள் காரில் போய்விடும், சாலையில் சாவு இன்னும் கூடும் என்பது. சீட்டில் வையுங்கள் என்று அறிவுரை மட்டும் இன்றும் சொல்கிறார்கள்.

முதலில் படித்தபோது இது சாக்குப்போக்காகத் தெரிந்தது. களியக்காவிளை ரோட்டை நினைத்ததும் கணக்குப் புரிந்துவிட்டது. ஆகாயத்தை விடத் தரைதான் ஆபத்து என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் சீட் கூட வரவேண்டியதற்கு முதல் காரணம் டாக்சி, அடுத்ததுதான் விமானம். லக்கேஜில் போட்டால் உடைகிறது, அதனால் உள்ளே வருகிறது. உள்ளே வந்த பிறகு விமானம் காற்றில் குலுங்கும்போதும் உதவுகிறது. 2024 மேயில் லண்டனில் இருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 321 விமானம் ஐந்து வினாடிக்குள் 178 அடி இறங்கியபோது பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். மடிக்குழந்தைக்கு நம் விமானங்களில் தரும், பெரியவர் பெல்ட்டோடு கோர்க்கும் வளைய பெல்ட் பறந்துபோகாமல் பிடிக்கும். ஆனால் பெரிய மோதலில் நம் உடம்பே மடிந்து குழந்தை மேல் விழும் என்பதால் அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை.

இனி டாக்சி. இரண்டாவது தடவையும் அதே டிரைவர் அண்ணன்தான். சீட்டை வைத்துவிட்டு பெல்ட்டைத் தேடினால் பக்கிளைக் காணோம். "தம்பி, அது சீட் கவருக்கு உள்ளயாக்கும் கிடக்கு. யாரு போடுகா பின்னால இருந்து?" என்று சிரித்தார். பார்க்கிங்கில் நின்று, போன் வெளிச்சத்தில், ரெக்சின் கவரின் தையலை அவர் பல்லால் பிரிக்க, நான் பக்கிளை வெளியே இழுத்தேன். சட்டமில்லாமல் இல்லை. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ கார் சீட்டோ இல்லாமல் கொண்டுபோனால் 1000 ரூபாய் என்கிறது. எங்கள் பக்கம் அதற்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். நம் ஊர்க் கார்களில் திடீரென்று இழுத்தால் மட்டும்தான் பூட்டும், மற்றபடி தளர்ந்துகொண்டே வரும். நான் கட்டிய சீட் நெய்யாற்றின்கரை வருவதற்குள் ஆட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். இதற்காகவே ஆங்கில எச் எழுத்து வடிவத்தில் ஒரு இரும்புக் கிளிப் சீட்டின் முதுகில் செருகி வைத்திருந்தார்கள். பக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு பட்டையையும் சேர்த்து அதில் மாட்டினால் பெல்ட் நகராது. பின்சீட்டின் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள கார் என்றால் இன்னும் வசதி, விமானத்தில் கட்டிய மாதிரியே கட்டலாம்.

2023இல் ஒரு நாள் நாகர்கோவில் போகும் வழியில், வில்லுக்குறியில் நிறுத்தியபோது, வாரின் பக்கிள் 'கிளிக்' ஆகவில்லை. என்ன அழுத்தியும் மாட்டவில்லை. மாமனார் தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடச் சொன்னார். எண்ணெய் போடக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். வீட்டுக்குத் திரும்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் பக்கிளை ஆட்டி அலசினேன். நேந்திரங்காய் சிப்ஸ் துண்டு ஒன்று வெளியே வந்து விழுந்தது. எண்ணெயில் இருந்து பக்கிளைத்தான் காப்பாற்ற முடிந்தது, துணியை முடியவில்லை. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையின் தலைக்கறை இன்னும் இருக்கிறது.

மகன் வந்த பிறகு, அதாவது 2024 ஜூலையில், சீட் அவனுக்குப் போனது. மகளுக்கு விமானத்தில் மட்டும் போடும் கேர்ஸ் வார் வாங்கினோம். அரைக் கிலோகூட இல்லை, கைப்பைக்குள் கிடக்கும். 10 முதல் 20 கிலோ எடை, ஒரு மீட்டர் உயரம் வரைக்கும். இருக்கை முதுகைச் சுற்றி ஒரு பட்டை, அதிலிருந்து தோளுக்கு இரண்டு வார். ஒரு பயணத்தில் பணியாளர் ஒருவர் இதைப் பார்த்ததே இல்லை என்று கழற்றச் சொன்னார். அதிலேயே ஒட்டியிருந்த சான்று லேபிளைக் காட்டினேன். மேலாளரைக் கூப்பிட்டு வந்து, பத்து நிமிடம் கழித்து விட்டார்கள். இப்போது டிக்கெட் போட்ட உடனே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். இந்த வார் காருக்கு ஆகாது. அதனால் மகளுக்கு ஊரிலேயே ஒரு சீட் வாங்கித் தக்கலை வீட்டில் போட்டிருக்கிறோம். டிரைவர் அண்ணன் வரும்போது அதை எடுத்துக் கட்டிக்கொண்டு வருவார். பக்கிளும் கவருக்கு வெளியேதான் இருக்கும்.

கார் சீட்டில் குறை என்றால், அது எக்ஸ்ரே இயந்திரத்தில் நுழையாததால் தனியாகத் துடைத்துச் சோதிக்க நிறுத்துவார்கள், பின்னால் இருப்பவர்கள் முறைப்பார்கள். ஷார்ஜா வெயிலில் காரில் கிடந்தால் வாரின் இரும்பு நாக்கு சுடும், தொட்டுப் பார்க்காமல் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்துக் காரின் பெல்ட்டையே போடும் பூஸ்டர் வகைச் சீட்டுக்கு, விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் அனுமதி இல்லை, அதற்குத் தோள் பெல்ட் வேண்டும்.

சீட்டின் அடியில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கிறது, எங்களுடையது 2029 வரை. தம்பி மனைவிக்கு வரும் மாசி மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மகனுக்குச் சின்னதான பிறகு அவர்களுக்குத்தான் என்று பேச்சு. அந்த எச் கிளிப்பை மட்டும் இப்போதே முதுகுப்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்துவிட்டேன், தொலைந்தால் ஊரில் கிடைக்காது.