கிளாஸில் ஊற்றிக் குடித்த பட்வைசர்

பட்வைசர் பீர் என்றாலே "தண்ணி மாதிரி இருக்கும்" என்று முடித்துவிடுபவர்கள்தான் அதிகம். பாட்டிலில் வாய் வைத்து, நாக்கு மரத்துப்போகிற ஜில்லிப்பில் குடித்தால் இந்த மாதிரி வெளிறிய லாகர் வகை பீர் எதுவும் அப்படித்தான் இருக்கும். அதனால் இந்த முறை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவிய கிளாஸில் ஊற்றி, நிதானமாகக் குடித்துப் பார்த்தேன்.

வெளிறிய வைக்கோல் நிறம். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிகிற தெளிவு. நுரை இரண்டு விரல் உயரம் எழும்பி, மூக்கைக் கொண்டுபோவதற்குள் பாதியாக அமுங்கிவிட்டது. முளைகட்டிய பார்லியோடு அரிசியும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள், நுரையைத் தாங்கிப் பிடிக்கிற புரதம் அரிசியிலிருந்து அதிகம் வராது. காசு மிச்சம் பிடிக்கத்தான் அரிசி என்று ஒரு பேச்சு உண்டு, அது முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவில் விளைந்த, கதிரில் ஆறு வரிசையாக மணி பிடிக்கிற பார்லியில் புரதம் அதிகம், அதை மட்டும் வைத்துக் காய்ச்சினால் பீர் கலங்கிப்போகும், அதைச் சரிக்கட்டத்தான் 19-ம் நூற்றாண்டிலேயே அங்கே அரிசியும் மக்காச்சோளமும் பீருக்குள் வந்தன. பட்வைசர் வந்ததும் அந்தக் காலத்தில்தான், 1876-ல்.

மோந்து பார்த்தால் பச்சை ஆப்பிளை நறுக்கினதும் வருகிற வாசம் லேசாக. ஈஸ்ட் வேலை செய்யும்போது உண்டாகிற அசிட்டால்டிஹைட் அப்படித்தான் மணக்கும். கூடினால் குறைதான், இதில் அளவோடு நிற்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்புறம், லேபிளில் பீச் (beech) மரம் என்று இருப்பதைப் பார்த்து விஸ்கி மாதிரி மரவாசம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொட்டியில் மரச்சீவலைப் போடுவது ஈஸ்ட் அதன்மேல் படிந்து பீரோடு இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்பதற்காக. மரத்தின் சுவை இறங்கக் கூடாதென்று சீவலை முன்கூட்டியே சோடா உப்பு போட்டு வேகவைத்துவிடுகிறார்கள்.

முதல் மடக்கில் லேசான இனிப்பு, ரொட்டியின் உள்பக்கம் மாதிரி ஒரு ருசி, நாக்கு நுனியில் கேஸ் சுருக்கென்று குத்துகிறது. விழுங்கினதும் வாயில் எதுவுமே மிச்சமில்லை. கசப்பைத் தேட வேண்டியிருக்கிறது, என் ஒரே மனக்குறை அதுதான், பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூ இன்னும் ஒரு பிடி இருந்திருந்தால் அந்த இனிப்புக்கு ஒரு கடிவாளம் கிடைத்திருக்கும்.

ஆனாலும் இந்தச் சுத்தத்தை நான் மதிக்கிறேன். ஸ்டவுட் மாதிரி கறுப்பு பீரில் சின்னத் தப்பு நடந்தால் வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) ருசி அதை மூடிவிடும், இங்கே மறைந்துகொள்ள இடமே இல்லை. போன மாதம் வேறொரு கம்பெனியின் பச்சை பாட்டிலைத் திறந்தேன், கடையில் ஜன்னலோரம் வெயிலில் நின்றிருந்தது போல, குப்பென்று ஒரு நாற்றம், இரண்டு மடக்கோடு கொட்டிவிட்டேன். ஹாப்ஸில் வெளிச்சம் பட்டால் வருகிற நாற்றம் அது. பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பச்சை தடுக்காது. பட்வைசர் பழுப்பு பாட்டிலில் வருவதே எனக்கு ஒரு நிம்மதி.

10-க்கு 6.5 கொடுப்பேன். வாங்கினால் சின்ன பாட்டிலாக வாங்குங்கள், பெரியதில் கடைசிக் கால்வாசி சூடேறி இனிப்பு திகட்ட ஆரம்பித்துவிடுகிறது.