டிராக்கில் ஓடும் கார்வெட்டுக்கு எந்த ஹப் பேரிங்: டெல்கோவா, டிம்கெனா, எக்ஸ்-டிராக்கரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாலு சக்கரத்துக்கும் ஒரே பிராண்ட் ஹப் பேரிங் (சக்கரத்தை மாட்டிச் சுழலவிடும் மையப் பாகம்) வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஸ்லிக் டயர் (பள்ளக் கோடுகள் இல்லாத பந்தய டயர்) போட்டு ஓட்டுகிறவர் என்றால் முன்பக்கம் இரண்டுக்கும் எஸ்கேஎஃப் எக்ஸ்-டிராக்கர், பின்பக்கம் ஏசிடெல்கோ (சுருக்கமாக டெல்கோ). சாலை டயரிலேயே வருஷத்தில் சில டிராக் நாட்கள் (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாட்கள்) மட்டும் போகிறவர் என்றால் சுற்றிலும் டெல்கோவே போதும், மிச்சக் காசை பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்க்குச் செலவழியுங்கள். டிம்கென் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பெயர் தெரியாத மலிவு ஹப், டிராக்குக்கு வேண்டவே வேண்டாம்.

நான் பேசுவது செவ்ரோலே கார்வெட் சி5 (1997–2004), சி6 (2005–2013) இரண்டையும் பற்றி. இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் வண்டிகளில் டிராக்குக்கு இவ்வளவு வேகம் தருகிறவை குறைவு, அதனால்தான் அமெரிக்காவில் எந்த டிராக் நாளுக்குப் போனாலும் பிட் லேனில் ஒன்றிரண்டாவது நிற்கும். இஞ்சின் தாங்கும், கியர்பாக்ஸ் தாங்கும், இந்த ஹப் பேரிங் மட்டும் முதலில் கைவிரிக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது வடிவமைக்கப்பட்டது சாலைக்கு.

ஏன் போகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். சி5-இன் வேகமான ரகமான இசட்06 சுமார் 1,415 கிலோ. ஓட்டுநர், ஹெல்மெட், பெட்ரோல் சேர்த்து 1,500 என்று வைத்துக்கொள்வோம். பாதி எடை முன்பக்கம், அதாவது 750 கிலோ. வேகமான வளைவில் அந்த 750-இல் எண்பது சதவீதம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்ந்தால் ஒரே சக்கரத்தில் 600 கிலோ. ஒட்டும் ஸ்லிக் டயரில் 1.3 ஜி பிடிப்பு (மேலே இருக்கும் எடையைப் போல 1.3 மடங்கு) கிடைத்தால் சாலை அந்தச் சக்கரத்தைப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 780 கிலோ அளவுக்குத் தள்ளுகிறது. தள்ளும் இடம் டயரின் அடிப்பாகம், பேரிங் இருப்பதோ அதற்கு 32 சென்டிமீட்டர் மேலே. ஆக அந்த நீளத்துக்கு நெம்புகோல் போட்டு நெம்புகிற மாதிரிதான் ஒவ்வொரு வளைவும். வண்டியின் எடை மட்டும் என்றால் பேரிங் சுகமாகத் தாங்கிவிடும், அதைக் கொல்வது இந்த நெம்புதல்.

இன்னொரு விஷயம், பேரிங்கின் ஆயுள் சுமைக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. குண்டு பேரிங்குக்கு (உள்ளே எஃகு உருண்டைகள் வைத்த வகை) ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்கில் விழும் என்பது பேரிங் கம்பெனிகள் எல்லாம் பயன்படுத்தும் அடிப்படைக் கணக்கு. சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். சாலை டயரிலிருந்து ஸ்லிக்குக்கு மாறினவுடன் "போன வருஷம் நல்லா இருந்துச்சே, இந்த வருஷம் என்ன ஆச்சு" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

ஏசிடெல்கோ ஒரிஜினல். ஃபேக்டரியில் வந்த அதே வகை. இரண்டு வரிசை குண்டுகள், உள்வரிசையும் வெளிவரிசையும் ஒரே அளவு, உள்ளேயே ஏபிஎஸ் சென்சார், கிரீஸ் போட்டு சீல் பண்ணி வரும், திறந்து பராமரிக்க வழியில்லை. இதன் பெரிய பலம் நம்பகமான சென்சார் என்று சொல்வேன். மலிவு ஹப்பில் பேரிங் போவதற்கு முன்னாலேயே சென்சார் சொதப்பி, டாஷ்போர்டில் டிராக்ஷன் கன்ட்ரோலையும் ஆக்டிவ் ஹேண்ட்லிங்கையும் (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) சர்வீஸ் பண்ணச் சொல்லும் எழுத்து வந்து, ஏபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும் கதை நிறைய. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதிக்கும்போது ஏபிஎஸ் இல்லை என்று தெரிய வருவது நல்ல அனுபவமாக இருக்காது. சாலை டயரில் டெல்கோ பல சீசன் ஓடும். ஸ்லிக்கில் முன்பக்கம் இதைத் தேய்மானப் பொருளாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், பிரேக் பேட் மாதிரி, ஆட்டம் வந்தால் மாற்று என்ற கணக்கில்.

டிம்கென் என்றாலே பலருக்கு மனதில் வருவது டேப்பர் ரோலர் (குண்டுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உருளை), அந்தக் கம்பெனி 1899-இல் தொடங்கியதே அதை வைத்துத்தான். ஆனால் பெயரை வைத்து உள்ளே ரோலர் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, குண்டு வைத்த ஹப் யூனிட்டுகளும் அவர்கள் விற்கிறார்கள். தரம் நல்லதுதான், சாலைக்கு டெல்கோவுக்கு மாற்றாகத் தாராளமாகப் போடலாம். டிராக்குக்கு என்று வரும்போது டெல்கோவை விட இது கூடுதலாக என்ன தருகிறது என்பதற்கு எனக்கு நம்பும்படியான பதில் கிடைக்கவில்லை. விலை குறைவாகக் கிடைத்தால் பின்சக்கரத்துக்கு வாங்கலாம். வாங்கும்போது பெட்டியில் இருக்கும் பிராண்ட் பெயரோடு நிற்காமல், உலோகத்தின் மேல் என்ன பொறித்திருக்கிறது, எந்த நாட்டில் செய்தது என்றும் பார்த்துவிடுங்கள். இது எல்லா பிராண்டுக்கும் பொருந்தும், டூப்ளிகேட் பேரிங் வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது, ஆன்லைனில் சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் சந்தேகப்படுவதே நல்லது.

எக்ஸ்-டிராக்கரில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண ஹப்பில் இரண்டு வரிசையும் ஒரே அளவு என்றேன் அல்லவா, எஸ்கேஎஃப் இதில் வெளிவரிசையை, அதாவது சக்கரத்துப் பக்கம் இருக்கும் வரிசையை, பெரிய வட்டத்தில் அமைத்து அதில் கூடுதல் குண்டுகளை வைத்திருக்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் சுமையில் பெரும் பங்கு அந்த வரிசைக்குத்தான் போகிறது, ஆக அடி விழும் இடத்திலேயே ஆளைக் கூட்டியிருக்கிறார்கள். வட்டம் பெரிதானதால் இரண்டு வரிசையும் சுமையைத் தாங்கும் கோடுகள் விலகி நிற்கின்றன, நெம்புதலை எதிர்க்கும் அகலம் கூடுகிறது. கூடுதல் குண்டுகள் என்பதால் ஒவ்வொரு குண்டின் மேலும் விழும் சுமை குறைகிறது, மூன்றாம் அடுக்குக் கணக்கு இப்போது நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது.

ஆயுளை விட எனக்கு முக்கியமாகப் படுவது விறைப்பு. சாதாரண ஹப் வளைவில் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து கொடுக்கும். அது வளையும்போது அதோடு சேர்ந்த பிரேக் டிஸ்க்கும் சாய்கிறது, சாய்ந்த டிஸ்க் பேடைத் தள்ளுகிறது, பேட் காலிப்பர் பிஸ்டனை (பேடை அழுத்தும் பாகம்) பின்னால் தள்ளிவிடுகிறது. அடுத்த தடவை பெடலை மிதித்தால் முதல் மிதி பாதி வெறும் காற்று மாதிரி உள்ளே போகும், இரண்டாவது மிதியில்தான் பிரேக் பிடிக்கும். இதற்குப் பயந்து இடதுகாலால் பெடலை லேசாகத் தட்டிக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பலர் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று நினைத்து ஆயிலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், காரணம் ஹப்பில் இருக்கும். நேர்ப்பாதையில் பலமாக மிதித்தபோது பெடல் சரியாக இருந்து, வேகமான வளைவு முடிந்த உடனே மட்டும் நீளமாகப் போகிறது என்றால் முதலில் ஹப்பைச் சந்தேகப்படுங்கள். எக்ஸ்-டிராக்கர் போட்டவர்கள் முதலில் சொல்வதும் பெரும்பாலும் பெடலைப் பற்றித்தான், பேரிங் எத்தனை நாள் ஓடியது என்பது அப்புறம்தான் வரும்.

குறை என்ன? விலை. டெல்கோவை விடக் கணிசமாகக் கூடுதல், நாலு வாங்கினால் ஒரு செட் நல்ல டயரை நெருங்கும். அதனால்தான் முன்பக்கம் மட்டும் என்கிறேன். பின்சக்கரத்திலும் நெம்புதல் உண்டு, ஆனால் இந்த வண்டிகளில் பிரேக் பிடித்துக்கொண்டே வளைவுக்குள் திரும்பும்போது எடையும் சூடும் குவிவது முன்னால். போட்டிக்கே போகிறவர், ஏரோ விங் எல்லாம் வைத்தவர் என்றால் நாலுக்கும் போடுங்கள், அவர்களிடம் நான் காசைப் பற்றிப் பேசப்போவதில்லை.

மலிவு ஹப் ஒன்றை அடிக்கடி மாற்றிக்கொள்ளலாமே என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கார்வெட்டில் இந்த வேலைக்குப் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) தேவையில்லை. காலிப்பரையும் டிஸ்கையும் கழற்றி, பின்னாலிருந்து மூன்று போல்டை எடுத்தால் ஹப் கையோடு வந்துவிடும், பின்சக்கரம் என்றால் கூடவே ஆக்சில் நட். அவ்வளவு சுலபம் என்பதால் அடிக்கடி மாற்றுவது சாத்தியம்தான். ஆனால் மலிவு ஹப் எப்போது போகும் என்று கணிக்க முடியாது, அதுதான் பிரச்சினை. எஃகின் சுத்தம், அதற்குக் கொடுக்கும் சூட்டுப் பதம், சீலின் ரப்பர், இதெல்லாம் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் மாறினால் "மூன்று டிராக் நாளுக்கு ஒரு தடவை" என்று அட்டவணை போட முடியாது. டெல்கோவை அப்படி அட்டவணை போட்டு மாற்றுகிறவர்களை எனக்குப் புரிகிறது.

எதை வாங்கினாலும் அதைச் சாகடிக்கிற சில பழக்கங்கள் உண்டு.

நீள ஸ்டட் (வீல் நட் ஏறும் திருகுத் தண்டு) போடும்போது சுத்தியலால் அடிப்பது அதில் முதலிடம். அடி ஒவ்வொன்றும் குண்டு வழியாக ரேஸில் (குண்டு உருளும் வளையம்) இறங்கிக் குழி போடும், புது பேரிங் போட்ட அன்றே இரைய ஆரம்பிக்கும். விளிம்பை மட்டும் தாங்கி பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். ஸ்பேசர் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் தட்டு) இன்னொன்று: சக்கரம் வெளியே தள்ளிப் போகப் போகச் சுமை இரண்டு வரிசைக்கும் நடுவிலிருந்து விலகி வெளிவரிசை மேல் ஏறும், அழகுக்காக 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டுவிட்டு எக்ஸ்-டிராக்கருக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. வீல் நட்டுக்கு 100 பவுண்டு-அடி டார்க், ரெஞ்ச் வைத்து.

சூடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிஸ்க் ஹப் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அது பழுத்தால் சூடு நேராக உள்ளே இறங்கும், கிரீஸ் இளகும், சீல் காய்ந்து வெடிக்கும், அப்புறம் கிரீஸ் வெளியே. காற்றுக் குழாயின் வாய் டிஸ்க்கின் நடுப்பகுதியைப் பார்த்து இருக்க வேண்டும், அப்போது ஹப்புக்கும் குளிர்ச்சி கிடைக்கும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடாமல் நேராக வந்து நிறுத்துவது எந்த பிராண்டையும் தின்றுவிடும்.

எந்தப் பக்கம் முதலில் போகும் என்பது நீங்கள் ஓட்டும் டிராக்கைப் பொறுத்தது. அமெரிக்க டிராக்குகளில் ரோடு அட்லாண்டா, செப்ரிங் இரண்டும் கடிகார திசை, வலது வளைவுகள் அதிகம், ஆக இடது முன் சக்கரம் முதலில் களைக்கும். செப்ரிங்கில் பழைய விமான தளத்தின் கான்கிரீட் பலகைகள் தரும் குலுக்கல் வேறு. ஆஸ்டினில் இருக்கும் சர்க்யூட் ஆஃப் த அமெரிக்காஸும், கலிஃபோர்னியாவின் லகுனா செகாவும் எதிர்த்திசை, அங்கே வலது முன் சக்கரம். வலது பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங்தான். ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னாலும் பின்னாலும் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அப்புறம் ஸ்பிரிங் மேல் ஒரு கை வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கரகரப்பு காதுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிடும்.

வாங்கும்போது மாடல் ஆண்டைக் கொடுத்து சென்சார் இணைப்பும் ஆக்சில் பல்லும் பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், சி6-இன் உயர் ரகங்களில் இது மாறும். எக்ஸ்-டிராக்கர் போட்டவுடன் கழற்றிய டெல்கோ இன்னும் ஆட்டமில்லாமல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஸ்டட் ஏற்றின நிலையிலேயே துணி சுற்றி டிராக்குக்கு எடுத்துப் போகும் பெட்டியில் வையுங்கள். சனிக்கிழமை மாலை ஒன்று இரைந்தால் ஞாயிறு காலைக்குள் மாற்றி ஓட்டிவிடலாம்.