நாலு பேர் கூடினால் எந்த வறுத்த ஊலாங்: தோங் திங்கா, வூயியா?

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவில் நிற்கும் ஊலாங் தேயிலையில், வறுத்ததில் எது உசத்தி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நாலு பேர் உட்கார்ந்து அரட்டையடித்தபடி ருசி பார்க்க எது சரிப்படும் என்று கேட்டால், துணிந்து ஒரு பக்கம் சாயலாம். அங்கே ஊற்றுகிறவரும் பேச்சில் இருப்பார், கை பத்து இருபது விநாடி பிந்தும். அதைப் பொறுத்துக்கொள்ளும் இலைதான் தேவை.

அந்தப் பொறுமை தைவானின் தோங் திங்குக்கு உண்டு. நாந்தோ மாவட்டத்து லுகுதான் அதன் ஊர். அங்கே உழவர் சங்கம் தேயிலைப் போட்டி நடத்த ஆரம்பித்தது 1976இல். இலையைத் துணியில் இறுகக் கட்டி, திரும்பத் திரும்ப உருட்டி, மணி மணியாக்கி வறுக்கிறார்கள். 120 மி.லி. பிடிக்கும் மூடிக்கிண்ணத்தில் 6 கிராம் போட்டால் முதலில் அடிப்பக்கம் மட்டும்தான் மறையும். மணிகள் மெல்லத்தான் அவிழும் என்பதால் சாறும் நிதானமாக இறங்கும். அதே இலையில் மூன்றாவது முறை வெந்நீர் ஊற்றும்போது ஒவ்வொன்றும் காம்போடு முழு இலையாக விரிந்து மூடியை முட்டும். வறுத்த கொட்டைப் பருப்பின் வாசம், அதன் பின்னால் ஒரு தேன் இனிப்பு. சற்றுக் கூடுதலாக ஊறினால் கெட்டியாகும், அவ்வளவு சீக்கிரம் கசக்காது.

சீனாவின் ஃபூஜியானில் விளையும் வூயி பாறைத் தேயிலைக்கு இந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. இலை நீளமாக முறுக்கியது, கரி நெருப்பில் பலமுறை வாட்டியது. கொதிநீர் பட்டதும் சாற்றை விட்டுவிடும். சின்னக் கிண்ணத்தில் 8 கிராம் போட்டால் முதல் ஊற்றுக்குப் பத்து விநாடியே அதிகம். அசந்தால் கரியும் கசப்புமாக நாக்கைப் பிடிக்கும். ஆனால் ரோ குய் என்ற வூயி வகையைச் சரியாக ஊற்றி, கிண்ண மூடியை முகர்ந்து பாருங்கள்: பட்டை வாசம், கொஞ்சம் பழம், குடித்து வெகு நேரம் கழித்தும் தொண்டையில் நிற்கும் ஒரு குளிர்ச்சி. ஆழம் என்று பார்த்தால் தோங் திங் இதன் பக்கத்தில்கூட வராது.

விலைதான் வில்லங்கம். வூயியிலேயே பேர்பெற்ற தா ஹோங் பாவ் வகையின் தாய்ச்செடிகளில் 2006ஆம் ஆண்டோடு பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பல வகை இலைகளின் கலவை. கலவை என்பதற்காக மட்டமில்லை, பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். வூயியில் தொடங்குகிறவர்கள் ஷுய் ஷியான் என்ற வகையை வாங்கலாம். ரோ குய் அளவுக்குக் காரமில்லை, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

தைவானின் தைப்பே நகரத்து மூஜா மலைப்பகுதியில் விளையும் தியே குவான் யின் என்ற ஊலாங்கையும் சிலர் சொல்வார்கள். நல்ல வறுவல், கனிந்த பழத்தின் லேசான புளிப்பு. எனக்குப் பிடிக்கும், புளிப்புத் தேநீர் எல்லோருக்கும் ஒத்துவராது.

எதை வாங்கினாலும், வறுத்த சூட்டோடு வந்த இலை என்றால் சில மாதம் மூடி வையுங்கள். புகை நெடி அடங்கும்.

ஆக, கூட்டத்துக்கு என் ஓட்டு தோங் திங்குக்கே. இரண்டும் இருந்தால் அதையே முதலில் போடுங்கள், வூயிக்குப் பிறகு குடித்தால் சப்பென்று இருக்கும். அப்புறம், வூயி ஊற்றும்போது மட்டும் கதையை வேறு யாரையாவது சொல்லச் சொல்லுங்கள்.